ஒரு கருவூலம், பல படிகள்!

சுவடியைப் படியெடுத்தவன் நூலை வாழ வைத்தான். பெட்டியிலிட்டுப் பூட்டியவன் அதனைச் சாக விட்டான். தமிழிலக்கிய வரலாறு நமக்குப் புகட்டும் முதற்பாடம் இதுவே. பதிற்றுப்பத்து எனப் பெயர் தாங்கிய நூலில் இன்று நம் கையிலிருப்பவை எட்டுப் பத்துகளே. உ.வே. சாமிநாதர் அதனை 1904-ஆம் ஆண்டில் அச்சேற்றிய போழ்து, முதற்பத்தும் இறுதிப்பத்தும் அவர்க்குக் கிடைத்தில. வளையாபதியும் குண்டலகேசியும் சிதறிய சில பாடல்களாக மட்டும் எஞ்சின. ஓலையின் வாழ்நாள் சில நூறாண்டுகளே. அதற்குள் மறுபடி எழுதுவார் இல்லையெனில், எத்துணைப் பெரும்புலவன் யாத்த நூலாயினும் செல்லுக்கு இரையாவதே அதன் முடிவு.

ஓலைக் காலத்துத் துன்பம் ஓலையோடு ஒழிந்தது என்று எண்ணியிருப்பார்க்கு ஒன்று சொல்வோம். அத்துன்பம் ஒழியவில்லை, உருமாறியிருக்கின்றது. அன்று சுவடி, இன்று ஆய்வேடு. அன்று செல்; இன்று செல்லோடு கூடிய கவலையின்மை.

அண்மையில் நம் அன்பர் ஒருவர், தாம் முப்பத்தைந்து ஆண்டுகட்கு முன்னர் இளமுனைவர்ப் பட்டத்திற்கென எழுதிய ஆய்வேட்டைக் காண விரும்பி, தாம் பயின்ற கல்லூரிக்குச் சென்றார். அவர் கையிலிருந்த படி மழைவெள்ளத்தில் போயிற்று. கல்லூரி நூலகத்திலோ ஆய்வேடுகளைக் கட்டுக் கட்டாகக் கயிற்றாற் கட்டி, மாடிப்படியின் கீழ் அடுக்கியிருந்தனர். கட்டை அவிழ்த்தால் தாள் தூளாக உதிர்ந்தது. "இவற்றைப் பழந்தாள் கடைக்கு நிறுத்துப் போட எப்பொழுதோ ஒப்புதல் வந்துவிட்டது, எடுத்துச்செல்ல ஆள்தான் வரவில்லை" என்றாராம் அங்கிருந்த பணியாளர். ஒரு வட்டாரத்து மீனவர் வழக்குச் சொற்களை ஈராண்டு ஊரூராய் அலைந்து தொகுத்த ஏடு அது. அச்சொற்களைச் சொன்ன முதியோர் இன்றில்லை. ஏடும் இல்லையெனில் அச்சொற்களும் இல்லை!

இஃது ஒரு கல்லூரியின் குறையன்று. ஆகலின் அதன் பெயரைச் சொல்ல வேண்டுவதுமின்று. சிறிய, நடுத்தர நூலகங்கள் எல்லாவற்றின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அந்நூலகர்களைப் பழித்துப் பயனில்லை. ஒரு நூலகர், ஓரிரு உதவியாளர், குறைந்த நல்கை, ஒழுகும் கூரை; இவற்றை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வர்?

"எல்லாவற்றையும் மின்வருடி எண்மக் கருவூலம் ஒன்று அமைத்துவிடலாமே!" என்பர் சிலர். அமைக்கலாந்தான். அதற்கான மென்பொருளும் விலையின்றிக் கிடைக்கின்றது. அமெரிக்காவின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகம் ஒரு கணிப்பொறி நிறுவனத்தோடு கூடி 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டிசுபேசு' எனும் மென்பொருளை எவரும் விலை கொடாது எடுத்தாளலாம். ஆயினும், யானையை விலையின்றிப் பெற்றவனும் அதற்குத் தீனி போட்டாகல் வேண்டும். வழங்கிப் பொறி வேண்டும்; அதனை இரவு பகலாக இயக்கும் மின்சாரம் வேண்டும்; மென்பொருளைக் காலந்தோறும் புதுக்கத் தெரிந்த ஆள் வேண்டும்; பொறி பழுதுறின் இழப்பை ஈடுசெய்ய வேறோரிடத்தில் படி வேண்டும். ஊதியம் வழங்கவே அல்லலுறும் ஒரு சிறு பல்கலைக்கழகம் இத்தனையையும் தனித்து நின்று செய்வதெங்ஙனம்? ஆர்வமுள்ள ஒருவர் தொடங்குவார். அவர் ஓய்வு பெற்ற மறு ஆண்டில் கருவூலமும் ஓய்வு பெற்றுவிடும். தனித்து நிற்பாரின் கருவூலம் தனியொருவரின் ஆர்வத்தில் தொங்குவது. ஆர்வம் பெரிது, ஆனால் அஃது அமைப்பாகாது.

இதற்குத் தீர்வு உண்டா? உண்டு. அது கூடிச் செய்தல்.

சப்பானியரைப் பாருங்கள். அந்நாட்டில் ஏறத்தாழ 800 பல்கலைக்கழகங்கள் உள்ளன. அவற்றுட் பல மிகச் சிறியன. சிபா பல்கலைக்கழகம் 2005-ஆம் ஆண்டில் தன் கருவூலத்தைத் திறந்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் அதனைப் பின்பற்றின. சிறியன திகைத்து நின்றன. அந்நிலையில் இரோசிமா போன்ற சில வட்டாரங்களின் பல்கலைக்கழகங்கள் தமக்குள் கூடி ஒரே கருவூலத்தை அமைத்துக்கொண்டன. பின்னர், 2012-ஆம் ஆண்டில், தோக்கியோவிலுள்ள நாட்டுத் தகவலியல் நிறுவனம் 'செய்ரோ கிளவுடு' எனும் பொதுக் கருவூலப் பணியைத் தொடங்கிற்று. பொறியையும் மென்பொருளையும் அந்நிறுவனம் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பெயர் பொறித்த தனி வாயிலைப் பெறும். எந்நூலை ஏற்றுவது, எவ்வாறு வகைப்படுத்துவது, யாரிடம் இசைவு பெறுவது என்னும் நூலகப் பணி அந்தந்த நூலகத்தாரிடமே இருக்கும். பொறி ஒன்று, வாயில்கள் பல!

அடுத்த ஆண்டே, 2013-இல், முனைவர்ப் பட்ட ஆய்வேடுகளை இணையத்தின் வழியே வெளியிடல் வேண்டுமென அந்நாட்டுப் பட்டநெறி திருத்தப்பட்டது. நெறி வந்தபோது, அதனை நிறைவேற்றும் கருவி சிறு பல்கலைக்கழகங்களின் கைக்கு எட்டுமாறு இருந்தது. 2016-ஆம் ஆண்டில் நூலகங்களே கூடி ஒரு கூட்டமைப்பை நிறுவி, அக்கருவூலத்தை நடத்துவதில் பங்கேற்றன. இன்று அப்பொதுக் கருவூலத்தில் வாயில் பெற்ற நிறுவனங்கள் அறுநூற்றுக்கும் மேற்பட்டன.

இன்னுமொன்று. அக்கருவூலத்துப் பதிவுகளில் ஏட்டின் தலைப்பைச் சப்பானிய எழுத்தில் எழுதுவதற்கும், அதனைப் பலுக்கும் முறையைக் கானா எழுத்தில் காட்டுவதற்கும், ஆங்கில வடிவத்தைத் தருவதற்கும் தனித்தனி இடங்கள் உள்ளன. தன்மொழி தன்னெழுத்தில் முன்நிற்க, பிறமொழி துணைநிற்கின்றது. தன்மொழியை உலகிற்குக் காட்ட வேண்டுமெனில் அதனை மறைத்துவிட வேண்டும் என்று அவர்கள் கருதவில்லை.

இனி நம் நிலைக்கு வருவோம். இங்குப் பொதுக் கருவூலமே இல்லையோ எனின், உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. 1991-ஆம் ஆண்டில் பல்கலைக்கழக நல்கைக் குழு தொடங்கிய இன்பிளிப்நெட்டு நடுவம், குசராத்தின் காந்திநகரில் இருந்துகொண்டு, முனைவர்ப் பட்ட ஆய்வேடுகட்கென ஒரு கருவூலத்தை நடத்தி வருகின்றது. ஆய்வேடுகளின் மென்படியை ஒப்படைத்தல் வேண்டுமென நல்கைக் குழு 2009-ஆம் ஆண்டில் நெறி வகுத்தது. இன்று அக்கருவூலத்தில் ஐந்து இலக்கத்திற்கும் மேற்பட்ட ஏடுகள் உள்ளன. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பங்கும் அதில் உண்டு. ஊர்விட்டு ஊர் சென்று, அலுவலகத்தில் கைகட்டி நின்று, ஓர் ஏட்டைப் புரட்டிப் பார்த்த ஆய்வாளன் இன்று வீட்டிலிருந்தே படிக்கின்றான். இது பெருநன்மை. அதற்குச் 'சோத்கங்கா' என வடமொழிப் பெயரிட்டது நமக்கு உவப்பன்று. எனினும் பெயர் பொருந்தவில்லை என்பதற்காகப் பயனை மறுப்போமல்லோம். நாம் கேட்பது வேறு. அக்கருவூலம் நமக்குப் போதுமா என்பதே நம் வினா.

போதாது என்போம். அதற்குக் கரணியங்கள் மூன்று.

முதலாவது, அது முனைவர்ப் பட்ட ஏடுகட்கென அமைந்தது. தமிழ்த்துறைகளின் உழைப்பிற் பெரும்பங்கோ இளமுனைவர் ஏடுகளிலும், முதுகலை மாணவரின் கள ஆய்வுகளிலும், கருத்தரங்கக் கோவைகளிலும், துறைகள் வெளியிட்ட சிற்றிதழ்களிலும் கிடக்கின்றது. ஊர்ப்பெயர், உழவுச்சொல், தாலாட்டு, ஒப்பாரி, நாட்டு மருத்துவம், சிற்றூர்க் கோயிற் கல்வெட்டு என எத்தனையோ பொருள்களை மாணவர்கள் தம் ஊரிலேயே தொகுத்தனர். 2022-ஆம் ஆண்டு நெறிமுறையால் நல்கைக் குழு இளமுனைவர்ப் பட்டத்தையே நிறுத்திவிட்டது. ஒரு பட்டம் நின்றவுடன் அதன் ஏடுகளைக் கேட்பாரும் குறைவர். கேட்பாரில்லா ஏடு பழந்தாள் கடைக்குப் போவதற்கு நெடுநாள் ஆகாது. ஆகவே இவ்வேடுகளைப் பொறுத்தவரை இதுவே இறுதிக் காலம். இன்னும் பத்தாண்டு பொறுப்போம் எனின், பத்தாண்டிற்குப் பின் பொறுப்பதற்கு ஒன்றுமிராது.

இரண்டாவது, எழுத்துச் சிக்கல். தமிழ் ஏட்டின் தலைப்பை ஆங்கில எழுத்தில் பதிகின்ற வழக்கம் நம் நூலகங்களில் வேரூன்றியுள்ளது. தொல்காப்பியம் எனும் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலெழுத்திற்கு 'டி' மட்டும் இடுவார் ஒருவர். அதனோடு 'எச்' சேர்ப்பார் மற்றொருவர். இடையில் 'பி' ஒன்றிடுவாரும் உளர், இரண்டிடுவாரும் உளர். ழகரம் வரும் சொல்லாயின் குழப்பம் இன்னும் பெருகும். ஒரே நூலைப் பற்றிய ஏடுகள் நான்கைந்து பெயர்களில் சிதறிக் கிடக்க, தேடுவானுக்கு அவற்றுள் ஒன்று அகப்படும். மற்றவை இருந்தும் இல்லாதனவே.

ஏட்டின் உள்ளே சென்றால் அதனினும் பெரிய இடர். பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய ஏட்டில் நம் கண்ணுக்கு அகரம் தெரியும். கணிப்பொறிக்குத் தெரிவதோ ஓர் ஆங்கில எழுத்து. அவ்வேட்டில் ஒரு தமிழ்ச்சொல்லைத் தேடினால் பொறி "இல்லை" என்றே விடைசொல்லும். உலகக் கணிப்பொறிகளுக்குப் பொதுவான ஒருங்குறியைத் தமிழ்நாட்டரசு 2010-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. அதன் பின்னரும் பழைய எழுத்துருக்களில் ஏடெழுதிப் பட்டம் பெற்றார் உளர். தமிழில் எழுதப்பட்டும் தமிழாற் தேட முடியாத ஏடு, விளக்கின்றி இருட்டறையில் வைத்த விளக்கப்படம் போன்றதே. இச்சிக்கலைக் காந்திநகரில் இருப்பார் உணர்ந்து தீர்ப்பர் என எதிர்பார்ப்பது முறையாகாது. பல மொழிகட்குள் ஒன்றாகவே அவர்கள் தமிழைக் காண்பர். இதனைத் தமிழறிந்த நூலகர்தாம் தீர்த்தல் வேண்டும்.

மூன்றாவது, ஓரிடத்திற் குவித்தலின் இடர். 1981-ஆம் ஆண்டு மே இறுதி இரவிலும் அதனையடுத்தும் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்ததை நாம் மறவோம். ஏறத்தாழ 97,000 பொத்தகங்களும் அரிய சுவடிகளும் தீக்கிரையாயின. வேறெங்கும் படியில்லாதவை அன்றே மாண்டன. எண்ம ஏட்டிற்குத் தீயால் இடரில்லை என்று எண்ணற்க. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணிப்பொறிகளைக் கயவர் கைப்பற்றி முடக்கிப் பணயப்பொருள் கேட்டனர். அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆறு இலக்கம் ஆய்வேடுகட்கு வாயிலாக விளங்கிய பணி, ஓராண்டிற்கு மேலும் மூடிக்கிடந்தது. தம் ஏடுகளைத் தம்மிடத்தும் வைத்திருந்த பல்கலைக்கழகங்களின் வாயில்கள் மட்டும் திறந்தே இருந்தன. 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் தென்கொரியாவின் அரசுத் தரவு நடுவமொன்றில் தீப்பற்றியது. அரசு அலுவலர்கள் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த பொதுச் சேமிப்பகம் மாற்றுப்படியின்றி எரிந்தொழிந்தது. செல்வமும் தொழில்நுட்பமும் மிக்க நாட்டிலேயே இது நிகழ்ந்ததெனில் நாம் எம்மாத்திரம்?

ஆகவே கூடுதல் வேண்டும். ஆனால் குவிதல் கூடாது. கருவூலம் ஒன்று, படிகள் பல. இதுவே நாம் வற்புறுத்தும் நெறி.

கூடிச் செய்வதிலும் யாரோடு கூடுகின்றோம் என்பதில் விழிப்பு வேண்டும். அமெரிக்காவில் சிறிய, நடுத்தரக் கல்லூரிகள் பல தாமே கருவூலம் நடத்த மாட்டாமல், பேராசிரியர் சிலர் 1999-ஆம் ஆண்டில் தொடங்கிய 'பெபிரசு' எனும் நிறுவனத்திடம் கட்டணம் செலுத்தித் தம் ஏடுகளை ஒப்படைத்தன. 2017-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் அந்நிறுவனத்தை எல்சுவியர் எனும் பெரும் பதிப்பு நிறுவனம் விலைக்கு வாங்கிவிட்டது. ஆய்விதழ்களை மிகுவிலைக்கு விற்பவரிடமிருந்து விடுபடும் வழியாகவே கருவூலங்களைக் கண்ட நூலகர்கள், ஒரே நாளில் தம் கருவூலமும் அவர் கையிற் சேர்ந்ததைக் கண்டு திடுக்கிட்டனர். பென்சில்வேனியப் பல்கலைக்கழக நூலகம் அதினின்று வெளியேற முற்பட்டது. அத்தகைய பெருநூலகத்திற்கு அஃது இயலும். சிறு கல்லூரி எங்கே போகும்? வாடகை வீட்டில் குடியிருக்கலாம். குலச்செல்வத்தை வாடகைப் பெட்டியில் வைத்துத் திறவுகோலையும் வீட்டுக்காரரிடமே கொடுத்துவிடலாகாது.

ஈண்டு மற்றொரு கணக்கையும் பார்ப்போம். ஆய்விதழ்களை நாடளாவிய நிலையில் கட்டணம் செலுத்திப் பெறுவதற்கு நடுவணரசு 2024-ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு திட்டத்திற்கு ஒப்புதல் தந்தது. மூன்றாண்டிற்கு 6,000 கோடி உருபா! பயன்பெறும் நிறுவனங்கள் 6,300-இற்கும் மேல். சிற்றூர்க் கல்லூரி மாணவனும் உலக ஆய்விதழைப் படிக்கட்டும். அதனை நாம் குறை கூறவில்லை. ஆயினும், கட்டணம் நின்ற அன்று புதிய இதழ்களின் கதவும் மூடும். பிறர் எழுதியதைப் படிக்கக் கோடிகளை எண்ணி வைக்கும் கை, நம் மாணவர் எழுதியதைக் காக்கச் சிறு தொகையையேனும் ஒதுக்க வேண்டாவா? படித்தற்குச் செலவிடுவது கல்வி. எழுதியதைக் காப்பதற்குச் செலவிடுவதும் கல்வியே.

இக்கருத்தை எடுத்துரைக்குங்கால் இரண்டு தடைகள் எழுப்பப்படுகின்றன. "ஏடுகளைத் திறந்து வைத்தால் பிறர் திருடி எழுதிவிடுவர்" என்பது ஒன்று. உண்மை இதற்கு மாறானது. பூட்டிய அறையிலிருந்து திருடுவதே எளிது. ஒப்பிட்டுப் பார்ப்பார் எவருமிலர். எல்லாரும் காணும் முற்றத்தில் வைத்த பொருளைத் திருடினால் மறுநாளே ஊரறியும். திறந்த கருவூலத்தை அஞ்ச வேண்டியவர் திருடரேயன்றி உரியவர் அல்லர்.

"பதிப்புரிமை இடந்தராது" என்பது மற்றொன்று. இதில் பொருள் உண்டு. ஆய்வேட்டின் உரிமை பொதுவாக அதனை எழுதியவர்க்கே உரியது. இந்நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கழியும்வரை அவ்வுரிமை நிற்கும். இன்று அறுபது அகவையினர் ஒருவர் இன்னும் இருபதாண்டு வாழ்வாராயின், அவர் ஏட்டின் உரிமை இந்நூற்றாண்டு கடந்தும் நீளும். தாளோ அதுவரை நில்லாது! ஆகவே உரிமை தீரட்டுமென்று காத்திருத்தல் ஏட்டைக் கொல்வதற்கு ஒப்பாகும். எழுதியவர்கள் உயிரோடிருக்கும் இப்பொழுதே, ஒரு தாளில் அவர்தம் இசைவைக் கேட்டுப் பெறுதலே வழி. கேட்டால் மறுப்பார் சிலரே இருப்பர். இதுகாறும் கேட்டார்தாம் இலர்.

எனவே நாம் வேண்டுவன இவை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், காரைக்குடி அழகப்பா, நெல்லை மனோன்மணியம் சுந்தரனார், கொடைக்கானல் அன்னை தெரேசா, சேலம் பெரியார், வேலூர் திருவள்ளுவர் முதலான தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் அவற்றின் கீழுள்ள கல்லூரிகளும் கூடி ஒரு பொதுக் கருவூலம் அமைத்தல் வேண்டும். பொறியையும் வல்லுநரையும் பொதுவில் வைத்து, வாயிலையும் பெயரையும் தனித்தனியே கொள்ளல் வேண்டும். ஏட்டின் தலைப்பும் சுருக்கமும் தமிழெழுத்தில், ஒருங்குறியில், முதலில் நிற்றல் வேண்டும். ஆங்கில வடிவம் ஒரே சீரான முறையில் அடுத்து நிற்கட்டும். ஒவ்வொரு ஏட்டிற்கும் மூன்று படிகளேனும் மூன்று ஊர்களில் இருத்தல் வேண்டும். காந்திநகர்க் கருவூலம் அவற்றை எடுத்துக்கொள்ளத் தடையில்லை. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தாரும், 2005-ஆம் ஆண்டில் ஈழத்து ஏடுகட்கெனத் தொடங்கிய 'நூலகம்' அமைப்பினரும் அரசாணை எதனையும் எதிர்பாராது கூடியுழைத்து வழிகாட்டியுள்ளனர். அன்னாரோடும் படிமாற்றிக் கொள்ளல் நன்று. இணைந்த எந்நிறுவனமும் தன் ஏடுகள் முழுவதையும் என்றேனும் எடுத்துக்கொண்டு வெளியேறும் உரிமை, தொடக்க உடன்படிக்கையிலேயே எழுதப்படல் வேண்டும். எவ்வணிக நிறுவனத்திற்கும் இக்கருவூலத்தை விற்றலாகாது என்பதும் அதில் இடம்பெறல் வேண்டும்.

அரசும் பல்கலைக்கழகங்களும் செய்ய வேண்டியவை இவை. அவர்கள் செய்யட்டும் எனக் கைகட்டியிருத்தல் நம் வழக்கமன்று.

அன்பர்களே! உங்களுட் பலர் தமிழ் பயின்றவர்கள், ஏடெழுதியவர்கள். இத்திங்களுக்குள் நீங்கள் பயின்ற கல்லூரிக்கு ஒருமுறை செல்லுங்கள். உங்கள் ஏடு எவ்விடத்தில், எந்நிலையில் உள்ளதெனக் கண்ணாற் காணுங்கள். அங்குள்ள ஏடுகளின் பெயர், எழுதியவர், ஆண்டு ஆகிய மூன்றையேனும் தமிழிற் குறித்துப் பட்டியலாக்குங்கள். நூலகரைக் குறைகூறச் செல்லாதீர், துணைசெய்யச் செல்லுங்கள். உங்கள் ஏட்டைப் பொதுவில் வைக்க இசைகின்றேன் என்று கையொப்பமிட்டு ஒரு தாளை அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். கருவூலம் நாளை எழும்போது அதன் முதல் அடுக்கு உங்கள் பட்டியலாக இருக்கட்டும்.

மாடிப்படியின் கீழே கட்டுக்கட்டாகக் கிடப்பவை வெறுந்தாள்கள் அல்ல. ஊரூராய் அலைந்த கால்களின் உழைப்பு. மறைந்துபோன முதியோர் வாய்மொழி. பழந்தாள் கடைக்காரர் வருவதற்குள் நாம் அங்குப் போய்ச் சேர்தல் வேண்டும்.